முப்பத்திரண்டு கட்டம்

செவிலிமேடு,
6-6-2024

லோகேஸ்வரனுக்கு,

முனிரத்தினம் எழுதுவது. தாமல் முனி. பிளஸ் டூவில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவன். 'நீங்கள்' என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். இரண்டு வரிக்குமேல் கை ஓடவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன்.

செவிலிமேடு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே யுபிஎஸ், டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மார்ச் கடைசியில் ஒரு பெண் அட்டைப்பெட்டியோடு வந்தாள். "அங்கிள், தாமல்ல தாத்தா வீட்ட விக்கிறோம். பரண்ல இது இருந்துது. ரெடி பண்ண முடியுமா பாருங்களேன்" என்றாள். பிரித்தால் உங்கள் சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர். ரப்பர் பட்டனில் 'பி' எழுத்து தேய்ந்துபோயிருந்தது. அதை அழுத்தினால் பிரின்ட் என்று முழுச் சொல்லும் விழுமே, நாம் அழுத்தியது கொஞ்சமா? பில்லில் போட என்று பெயரும் விலாசமும் கேட்டேன். உன் மகள் அபி என்று சொல்லி, உன் பெயரையும் பெங்களூர் விலாசத்தையும் சொன்னாள். போன் நம்பரையும் சொன்னாள், நான் எழுதிக்கொள்ளவில்லை. உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்தது மறந்து வேறு ஏதாவது பேசிவிடுவேன்.

பட்டனுக்கு அடியில் இருக்கும் ஷீட் நொறுங்கிக் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாற்றினேன். இப்போது ஓடுகிறது. கூட இருந்த மூன்று புரோகிராம் காசெட்டில் இரண்டு பூஞ்சை. மூன்றாவதில் நாம் எழுதிய விளையாட்டு 'ஏரி', ஏரித் தண்ணீரை நான்கு மதகுக்கும் பிரித்துவிடும் ஆட்டம். முதல் பாகம் ஏறியது. ஏரிப் படம், கரையில் மூன்று பனைமரம், அதற்கு அடியில் ஒரே ஒரு வரி. 'பை டி. லோகேஸ்வரன்' என்று. இரண்டாம் பாகத்தில்தானே ஆட்டமே இருக்கிறது? அது பாதியில் 'டேப் லோடிங் எரர்' என்று நின்றுவிட்டது. இருபது முப்பது தடவை முயன்று பார்த்துவிட்டேன்.

சென்னையில் பழைய கம்ப்யூட்டர் குழு ஒன்று இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் வீட்டில் உட்கார்ந்து எழுதிய விளையாட்டுகளைத் தேடிப் பிடித்துப் புதுக் காசெட்டாகப் போடுகிறார்கள். ராஜவேலு என்பவர் நடத்துகிறார். அபிதான் அவரிடம் சொல்லியிருக்கிறாள். ஆகஸ்ட் கடைசிக்குள் முழுசாகக் கொடுத்தால் 'ஏரி'யையும் சேர்ப்பார்களாம். ஆனால் அவருக்கு ஒரு கண்டிஷன். டேப்பில் இருக்கிற பெயர்தான் பெயர். அந்தக் காலத்துக் காகிதம் ஏதாவது காட்டினால் மட்டுமே மாற்றுவார். ஆளாளுக்கு நான்தான் எழுதினேன் என்று வந்து நிற்கிறார்களாம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

நாம் முழுசாக எழுதிவைத்த கோடு போட்ட நோட்டு உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் அனுப்பு. என் பெயரும் அதில் வரவேண்டும் என்று எனக்கு ஆசை. ஐம்பத்திரண்டு வயதில் இதென்ன ஆசை என்று கேட்காதே. பள்ளிக்கூட சயின்ஸ் எக்ஸிபிஷன் முடிந்து வந்து நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. "ஒரு வரிக்கு முப்பத்திரண்டு கட்டம்தான் முனி, ரெண்டு பேரும் நுழையல." கட்டத்துக்கு ஒரு எழுத்து; திரையில் கீழே ஒரு வரிதான் மிச்சம், மேலே பூராவும் ஏரி. சரி என்று கேட்டுக்கொண்டேன்.

பெ. முனிரத்தினம்

* * *

பெங்களூர்,
19-6-2024

அன்புள்ள முனி,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இன்னும் 'ற'வை அப்படியே சுழித்துத்தான் எழுதுகிறாய்.

அப்பா இங்கேதான் இருக்கிறார். எண்பத்தேழு. இடுப்பெலும்பு உடைந்து பதினான்கு மாதமாகப் படுக்கை. முதுகில் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை போட்டிருக்கிறோம். அதற்கு ஒரு குட்டி மோட்டார், ஓயாமல் முனகிக்கொண்டே இருக்கும். ஆளும் அதுவுமாக மாற்றி மாற்றி முனகுகிறார்கள். என் மனைவி துர்காவுக்கு முட்டி வலி, தூக்கவும் திருப்பவும் நான்தான். வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. இருபத்தெட்டு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன், இப்போது டயப்பர் மாற்றுவதில் கெட்டிக்காரன். முனி, சலிப்பாக இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் எழுதுகிறேன்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. இருபத்திரண்டு பக்கம். நீல மை உன் கை, கறுப்பு என் கை. இரண்டாம் பக்கத்திலிருந்து ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் பாகம் டேப்பிலேயே ஏறிவிட்டது என்று எழுதியிருந்தாய், அதனால் முதல் பக்கம் உனக்குத் தேவைப்படாது.

ஒரு பிழை இருக்கிறது, அப்போதே கவனித்தேன். 640ஆம் வரியில் முதல் மதகில் ஆரம்பித்து வரிசையாகத் தண்ணீர் பிரிக்கிறோம். நான்காம் மதகுக்கு வரும்போது ஒன்றும் மிச்சமிருக்காது. அதனால்தான் யாராலும் ஜெயிக்க முடியவில்லை. எக்ஸிபிஷனில் நடுவர்கூடச் சொன்னார். திருத்திவிடு.

பெயர் விஷயம், என்ன சொல்வது? அந்தக் குழு சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. பழைய பொருள் பழையபடியே இருப்பதுதான் அழகு. உன் பங்கு என்ன என்று எனக்குத் தெரியாதா?

லோகு

* * *

செவிலிமேடு,
2-7-2024

லோகேஸ்வரனுக்கு,

ஜெராக்ஸ் வந்தது. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எட்டு நாளில் தட்டி முடித்தேன். கண்ணாடி போட்டால் பட்டன் தெரிகிறது, தாள் தெரியவில்லை. கழற்றினால் தாள் தெரிகிறது, பட்டன் தெரியவில்லை. ஏழாம் பக்கத்தில் உன் கறுப்பு மையில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது. முதலில் ஓட்டியபோது 'நான்சென்ஸ் இன் பேசிக்' என்று திட்டியது. சின்ன வயதில் இந்தத் திட்டை வாங்கிக்கொண்டு எவ்வளவு சிரித்திருப்போம். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை, இடுப்புதான் வலித்தது.

640ஆம் வரி பிழை இல்லை. நீல மையில்தான் இருக்கிறது, பார்த்துக்கொள். என் அம்மா அங்கம்மாள் கூலிக்கு நட்டதெல்லாம் கடைசி மதகு வயல்கள். மழை குறைந்த வருடம் அங்கே தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை. பார்த்ததை எழுதினேன். உங்கள் நிலம் முதல் மதகில் இருந்தது, அதனால் உனக்குப் பிழையாகத் தெரிகிறது. நான் திருத்தப் போவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் பக்கம் எங்கே?

டேப்பில் முதல் பாகம் இருக்கிறதுதான். அதனாலேயே அதைப் பிரித்து வரி வரியாகப் பார்த்தேன். பத்தாம் வரி படம் வரைகிறது. இருபதாம் வரி உன் பெயரைப் போடுகிறது. நடுவில் பதினைந்தாம் வரி என்று ஒன்று இருக்கிறது. 'ரெம்' என்று ஆரம்பித்து என் பெயர். ரெம் போட்ட வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. திரையிலும் வராது. புரோகிராமைப் பிரித்துப் பார்ப்பவனுக்கு மட்டும்தான் தெரியும். பின்னால் எதையாவது சொருக இடம் வேண்டும் என்றுதானே பத்துப் பத்தாக நம்பர் போட்டோம்? அந்தச் சந்தில் என்னைச் சொருகியிருக்கிறாய்.

நேற்றுக் கட்டம் போட்ட தாளை எடுத்து இங்கிலீஷில் எழுதிப் பார்த்தேன். 'பை' இரண்டு கட்டம், இடைவெளி ஒன்று. உன் இனிஷியலும் புள்ளியும் இரண்டு, உன் பெயர் பத்து. நடுவில் அந்த 'அண்டு' குறியும் இரு பக்க இடைவெளியும் மூன்று. என் இனிஷியலும் புள்ளியும் இரண்டு, என் பெயர் பன்னிரண்டு. கூட்டிப் பார். முப்பத்திரண்டு. ஒரு கட்டம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முப்பத்தைந்து வருடத்தில் ஒருநாள்கூட எண்ணிப் பார்க்காதது என் முட்டாள்தனம். எண்ணினால் இது வரும் என்று உள்ளே எங்கேயோ தெரிந்திருக்கும்போல. அந்த வருடம் தை அறுப்புக்கு அம்மாவோடு போய்விட்டேன், எக்ஸிபிஷனுக்கு வர முடியவில்லை. இரண்டாம் பரிசு, சர்டிபிகேட், பேப்பரில் உன் போட்டோ. அந்தப் பேப்பரை வாங்கிக்கொண்டுபோய் என் அம்மாவிடம் காட்டினேன். "உன் பேரு எங்கடா?" என்று கேட்டது. "எடம் பத்தலம்மா" என்றேன். அம்மா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் அதற்குப் பொய் சொன்னவனாகிவிட்டேனே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

முதல் பக்கத்தை அனுப்பு.

முனிரத்தினம்

* * *

பெங்களூர்,
21-7-2024

முனி,

நீ எண்ணிப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். பயந்துகொண்டேதான் இருந்தேன்.

சொல்லிவிடுகிறேன். நுழையவில்லை என்றது பொய். முதல் பக்கத்தில் இருபதாம் வரியை நீதான் நீல மையில் எழுதியிருக்கிறாய், இரண்டு பெயரும் சேர்த்து. தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குமேலும் சின்னதாக நம்பர் போட்டு, முப்பத்திரண்டில் முடித்திருக்கிறாய். எண்ணிப் பார்க்கவில்லை என்கிறாய். அன்றைக்கே எண்ணியிருக்கிறாய் முனி, மறந்துவிட்டாய். அதன்மேல் கறுப்பு மையில் ஒரு கோடு. அது என் கை.

எக்ஸிபிஷனுக்கு முதல்நாள் சாயங்காலம், மோட்டார் கொட்டகையில் டிவியை வைத்துக் கடைசியாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வோல்டேஜ் குறைவு, கொட்டகையில் கரண்ட் நன்றாக வரும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தோமே. வீட்டுக்குள் உன்னைக் கூப்பிட முடியாது என்பதுதான் காரணம் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும், நாம் பேசிக்கொண்டதே இல்லை. அப்பா மோட்டாரை நிறுத்த வந்தார். திரையைப் பார்த்தார். "காலனிப் பையன் பேரும் நம்ம பேரும் ஒரே வரியில நிக்கணுமா? அழிச்சிட்டு எடுத்துக்கினு போ" என்றார். அவர் பேச்சை மீறி அந்த வீட்டில் யார் என்ன செய்திருக்கிறோம்? அழித்தேன். மனசு கேட்காமல்தான் பதினைந்தாம் வரியைச் சேர்த்தேன். அதாவது உள்ளே இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

இப்போது அவரைத் தினம் இரண்டு தடவை கழுவி விடுகிறேன். உன் கடிதம் வந்த பிறகு, கழுவும்போதெல்லாம் அந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வருகிறது.

முதல் பக்கத்தை அனுப்பத்தான் வேண்டும். இரண்டு நாள் கொடு. மெத்தை மோட்டார் வேறு மக்கர் செய்கிறது, கைப்பம்பால் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

லோகு

* * *

செவிலிமேடு,
29-7-2024

லோகு,

படித்தேன். வீட்டில் வடிவிடமும் படித்துக் காட்டினேன். "பதினேழு வயசுப் பையன், அப்பன எதுத்துக்கினு என்னா பண்ணியிருப்பான்? உடு" என்றாள். அவள் சொன்னால் எனக்குப் பாதி சமாதானம். மீதிக்கு நான் ஒரு நாள் எடுத்துக்கொண்டேன்.

உன்மேல் எனக்கு இனி வருத்தமில்லை. உன்மேல் இருந்ததை அப்படியே உங்கப்பா பேரில் மாற்றிவிட்டேன். துரைக்கண்ணுவுக்கு என்ன, தாங்குவார். அவர் சொல்லியிருப்பார் என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்தக் கொட்டகை வாசலில் என் செருப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவர் தொண்டையைச் செருமுவது என் காதில் இன்னும் இருக்கிறது.

எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் இதுதான்போல. நீயாக அழிக்கவில்லை என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. தெரிந்துவிட்டது. நேற்றுக் கடையில் ஒருவர் இன்வெர்ட்டரைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, கம்பெனி மேல் தப்பு என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார். கோபமே வராமல் கேட்டுக்கொண்டிருந்தேன். வடிவு வியந்துபோனாள்.

அந்த மெத்தை மோட்டாரில் உள்ளே ஒரு ரப்பர் வால்வு இருக்கும், அதுதான் கிழிந்திருக்கும். இங்கே நான்கைந்து வீட்டுக்குப் பார்த்துக்கொடுத்திருக்கிறேன். இத்துடன் வால்வு இரண்டு வைத்திருக்கிறேன். நான்கு ஸ்க்ரூ கழற்றி மாட்டினால் போதும். அவர் என்ன சொல்லியிருந்தாலும் முதுகுப் புண் யாருக்கும் வரக்கூடாது.

ஆகஸ்ட் கடைசிக்குள் பக்கம் கைக்கு வந்தால் நல்லது. ராஜவேலு இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

முனி

* * *

பெங்களூர்,
12-8-2024

முனி,

முதல் பக்கம் இத்துடன் இருக்கிறது. நகல் இல்லை, நோட்டிலிருந்து பிரித்தெடுத்த அசல். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். இதை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கலாம் என்று பத்து நாள் நினைத்துப் பார்த்தேன்.

நீ அனுப்பிய வால்வை மாட்டினேன். மெத்தை சரியாகிவிட்டது. மோட்டார் முனகலும் நின்றுவிட்டது. முனகல் இல்லாமல் வீடு அமைதியாக இருந்ததால் அப்பா பேச ஆரம்பித்தார். "யார்றா சரிபண்ணது?" என்று கேட்டார். நீ அனுப்பியது என்றேன். "எந்த முனிரத்தினம், அங்கம்மா மவனா? உங்கூட கொட்டாயில பொட்டி தட்டிக்கினு இருப்பானே?" என்றார். ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஆமாம், நீங்கள் பேரை அழிக்கச் சொன்னீர்களே, அவன்தான் என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் எங்கடா அழிக்கச் சொன்னேன்? ரெண்டு பேருமா செஞ்சீங்கன்னு கேட்டேன். நீ, இல்லப்பா, நான்தான், அவன் சும்மா கூட இருந்தான்னு சொன்னே. அப்பால நான் மோட்டார நிறுத்திட்டு வந்துட்டேன்." பிறகு, "அவன் பேரு இருந்திருந்தா எனக்குப் புடிச்சிருக்காதுதான். ஆனா நான் சொல்லலடா" என்றார்.

அவர் சொன்னதுமே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அவர் முகம், கையில் இருந்த டார்ச், எல்லாம். அவர் சொன்னதாக உனக்கு எழுதினேனே, அந்த வார்த்தைகள் அவர் சொன்னவை அல்ல. அவர் சொல்லக்கூடும் என்று நானே நினைத்துக்கொண்டவை. இத்தனை வருடத்தில் அவர் சொன்னதாகவே மனதில் பதித்துக்கொண்டுவிட்டேன். போன கடிதம் எழுதும்போதுகூடப் பாதி நம்பித்தான் எழுதினேன். மீதிப் பாதிக்குத் தெரியும்.

பயந்து சொன்னேன் என்றாவது சொல்லலாம், அதுவும் இல்லை. அப்பா என்னைப் பாராட்டியதே கிடையாது. அன்றைக்குத் திரையைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார். அந்த ஒரு நிமிடம் முழுசும் எனக்கே வேண்டும் என்று இருந்தது. நீ பக்கத்தில் இல்லை. அவர் போன பிறகு, சொன்ன பொய்க்குத் தோதாக இருபதாம் வரியையும் மாற்றினேன். நாளைக்கு மேடையில் இன்னொருத்தன் யார், எந்தத் தெரு என்று கேட்டால் சொல்ல வேண்டியிருக்குமே என்றும் நினைத்தேன். அதையும் மறைக்கவில்லை.

நீ வருத்தமில்லை என்று எழுதியது அப்பா சொல்லி அழித்த லோகுவுக்கு. அப்படி ஒருவன் இல்லை. அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை, திருப்பி அனுப்புகிறேன். திரையில் உன் பெயரை மட்டும் போடு. என்னை ரெம்மில் போடு.

லோகேஸ்வரன்

* * *

செவிலிமேடு,
26-8-2024

லோகேஸ்வரனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இந்த உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்பா பேரில் மாற்றியதை மறுபடி உன் பேருக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. இந்த வயதில் இது என்ன அலைச்சல்?

கோபமாக இருக்கிறேன், அதை மறைக்கவில்லை. பக்கத்தைக் கையில் வாங்கி என் நீல மையைப் பார்த்தபோது அழுதுவிட்டேன், அதையும் மறைக்கவில்லை. அந்தச் சின்னச் சின்ன நம்பரெல்லாம் போட்டவன் எவ்வளவு சந்தோஷமாகப் போட்டிருக்கிறான்! வடிவு கேட்டாள், தூசி என்றேன். நம்பவில்லை.

ராஜவேலுவிடம் நானே சென்னைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "சார், இதுக்குமேல என்ன ஆதாரம் வேணும்? ரெண்டு பேரும் போட்டுரலாம்" என்றார். நீ கேட்டதை அவரிடம் சொல்லவில்லை. உன்னை ரெம்மில் போட்டால் நீ செய்ததை நான் செய்தவன் ஆவேன். கறுப்பு மையில் பதினொரு பக்கம் இருக்கிறது, அதை இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

முதல் பாகத்தைக் கடையில் உட்கார்ந்து திருத்தினேன். இருபதாம் வரியை நோட்டில் இருந்தபடியே தட்டினேன். படத்துக்கு அடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இரண்டு பெயரும் வந்து நின்றன. கொஞ்சம் நெரிசலாகத்தான் இருக்கிறது. பிறகு 15 என்று மட்டும் தட்டி என்டரை அழுத்தினேன். நம்பரை மட்டும் கொடுத்தால் அந்த வரி போய்விடும், உனக்கு மறந்திருக்காது. 640ஆம் வரியைத் தொடவில்லை.

நீ ஊருக்கு வந்தால் கடைக்கு வா என்று எழுத இன்னும் மனசு வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். வால்வு ஆறு மாதம் தாங்கும், பிறகு சொல்லியனுப்பு.

அடுத்த மாதம் காசெட் வரும். எழுதியவர்களுக்கு ஆளுக்கு ஒன்று தருகிறார்கள். உன்னுடையதை அபியிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் லேப்டாப்பிலேயே ஓட்டத் தெரிந்தவள். உங்கப்பாவைத் தலையணை வைத்துக் கொஞ்சம் நிமிர்த்தி உட்காரவைத்து, முதல் படத்தைக் காட்டு. ரெண்டு பேருமா செஞ்சீங்க என்று அவர் கேட்டது கேட்டபடியே இருக்கிறது. படம் வந்ததும், ஆமாம்பா என்று நீயே உன் வாயால் சொல்.

பெ. முனிரத்தினம்